பார்க்காமல் சொன்ன ஓம்

இந்தப் பதாகைக்காக என்னிடம் தந்த படத்தில் நான் முதலில் கவனித்தது ஒரு நூல். கீர்த்தனி அக்காவின் சீருடைச் சட்டையில், இடது பக்கப் பைக்கு மேலே, ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை நூலால் தையல் ஒன்று போட்டிருந்தது. என் பின்னால் தொங்குகிற பதாகையில் இப்போது அந்த நூல் இல்லை.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் முன்னேற்றச் சங்கத் தலைவர் தம்பிராசா ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் தாயார் புஷ்பவதி அம்மா அவர்களே, வந்திருக்கும் சபையோரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். வணக்கத்தை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நூல் முந்திவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் நிவேதிகா. வயது பதினேழு. தரம் பத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். அதன் காரணம் இன்றைக்கு வேண்டாம். பஸ் நிலையத்துக்குப் போகும் வீதியில் கலீலுர் றஹ்மான் நானாவின் பதாகை அடிக்கும் கடையில் வேலை செய்கிறேன். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். தாளைப் பார்க்காமல் பேச எனக்கு ஏலாது. தாள் புரட்டும் சத்தம் ஒலிவாங்கியில் கேட்கும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

தம்பிராசா ஐயா என்னிடம், "அஞ்சு நிமிசம் கதை பிள்ளை. அவள் பறக்கப் பழகினதைப் பற்றிச் சொல்லு. எங்களுக்கு உது ஒண்டும் விளங்காது, நீதானே அவளோட குசினியில இருந்து பழகினனி" என்று சொன்னார். அதைத்தான் சொல்லப் போகிறேன். கடைசியில் இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. அது இந்தப் பதாகையில் நான் செய்த பிழை.

கீர்த்தனி சின்னராசா யார்? இலங்கைத்துறையில் பிறந்தவர். ஆறு வயதில் இடம்பெயர்ந்து, தாயோடு இந்த ஊருக்கு வந்தவர். தகப்பன் சின்னராசா அதற்கு முன்பே காலமானவர். கணிதத்தில் படித்து, ஆங்கிலத்தைத் தானாகப் பழகி, விமானப்படைக்கு விண்ணப்பித்து, எடுபட்டவர். சீனக்குடாவில் சிறிய விமானத்தில் அடிப்படைப் பயிற்சியை முடித்தவர். பிறகு வேறொரு தளத்தில், போர் ஜெட் ஓட்டப் பழகும் வகுப்பில் சேர்ந்தவர். இறக்கும்போது வயது இருபத்து நான்கு. பதவி, பயிலுநர் விமானி.

பயிலுநர் விமானி. இந்த இரண்டு சொற்களையும் சேர்த்து ஞாபகத்தில் வைத்திருங்கள்.

இந்த மண்டபத்தில் பாதிக் கதிரைகள் காலியாக இருக்கின்றன. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். போர்க்காலத்தில் ஜெட்டின் சத்தம் கேட்டதும் கட்டிலுக்குக் கீழே போன ஆட்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வராதவர்களிலே எனக்குக் கோபம் இல்லை. அக்காவுக்கும் இருக்கவில்லை. "வராதவையிட்ட ஏன் வரேல்லை எண்டு கேக்கக் கூடாது, நிவே. அவைக்குக் காரணம் இருக்கு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அது அவருடைய பிறந்தநாளுக்குச் சொந்த மாமாவே வராதபோது சொன்னது.

அப்படியென்றால் ஏன் ஜெட்? நானும் கேட்டேன்.

"சின்னனில, ஜெட் குண்டு போட வந்த அண்டைக்கு எல்லாரும் பங்கருக்குள்ள இருந்தனாங்கள். சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் தலையை நீட்டிப் பார்த்தனான். அம்மா காலில பிடிச்சு இழுத்து, முதுகில நல்லா ஒண்டு போட்டவ."

"என்ன பார்த்தீங்கள்?"

"ஒண்டும் இல்ல. வானம்தான். அது அப்பவே போயிட்டுது. அதுதான் எனக்குப் பிடிக்கேல்ல. பார்க்கிறதுக்கு முதல் போகக் கூடாது."

இதுதான் அவர் சொன்ன முழுக் காரணமும். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் கூட்டிச் சொல்லவில்லை.

ஜெட் வகுப்புக் கிடைத்த செய்தி வந்த அன்று புஷ்பவதி அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. ஒன்பது நாள் மகளோடு பேசவில்லை. சோறு போட்டார், உடுப்புத் தோய்த்தார், பேசவில்லை. பத்தாம் நாள் அக்காவின் புதுச் சட்டையை மடியில் வைத்து, ஊசியில் வெள்ளை நூல் கோத்து, இடது பைக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குத் தையல் போட்டார். பயிற்சி முடித்தவர்களுக்குச் செட்டை, விமானியின் சிறகுச் சின்னம், குத்துகிற இடம் அது. கழுத்தில் இருந்து அளந்து, நேராக அடையாளம் வைத்தார்.

"இந்த இடத்தில வரட்டும். சரிவாக் குத்திக்கொண்டு வந்து நிக்காதை" என்றார். ஒன்பது நாளுக்குப் பிறகு பேசிய முதல் சொல் அது.

முகாமில் சட்டையில் நூல் நின்றால் தண்டனை உண்டு. அதனால் அந்தச் சட்டையை அக்கா வீட்டில் வைத்துவிட்டு வேறொன்றோடு போனார். விடுமுறையில் வந்தபோது ஒருநாள் அதைப் போட்டுப் படம் எடுத்தார். நூலை வெட்டுவோமா என்று நான் கேட்டேன். "கிடக்கட்டும். பஸ்ஸில கைலேஞ்சி போட்டு சீற்றுப் பிடிக்கிற மாதிரி அம்மா இடம் பிடிச்சு வச்சிருக்கிறா" என்றார். பதாகைக்கு வந்த படம் அதுதான்.

நான் அவரைச் சந்தித்தது கடையில். ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஜெட்டில் விமானிக்கு முன்னால் இருக்கும் பலகை முழுவதையும் கையால் வரைந்திருந்தார். வட்டங்கள், சுவிட்ச் ஆளிகள், விளக்குகள், எல்லாவற்றுக்கும் அளவு எழுதியிருந்தது. அதை உண்மையான அளவிலே அடித்துத் தரவேண்டும் என்றார்.

றஹ்மான் நானா தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "பிள்ளை, இது ரகசியம் ஒண்டும் இல்லையே? நாளைக்கு என்னைக் கொண்டு போய் வச்சுக் கேட்டா நான் என்னண்டு சொல்ற?"

"பயப்பிடாதீங்க நானா. புத்தகத்தில இருக்கிறதுதான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகத்தான்."

"கண்ணை மூடிக்கொண்டோ? அப்ப நான் பிளேனில ஏற மாட்டன்."

நான்தான் கணினியில் அதை வரைந்து அடித்தேன். அடித்த பிறகு அக்கா அளவுகோல் வைத்துப் பார்த்தார். ஒரு வட்டம் பெருவிரல் அகலத்துக்கு இடம் மாறியிருந்தது. எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. பரவாயில்லையா அக்கா என்று கேட்டேன். "கை பிழையான இடத்தைப் பழகிப்போடும். பழகின கை பிறகு சொல்லுக் கேக்காது" என்றார். திரும்பவும் அடித்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதைச் சுவரில் ஒட்ட உதவிக்கு வா என்றார். போனேன். அதற்குப் பிறகு விடுமுறைக்கு அவர் வந்த எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.

அந்தச் சமையல் குசினியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சுவரில் பலகைப் படம். அதற்கு முன்னால் பிளாஸ்ரிக் கதிரை. கால்களுக்கு இரண்டு செங்கல். வலது கைக்கு, மண் நிரப்பிய பெயின்ற் வாளியில் நட்டு வைத்த தும்புத்தடிக் கட்டை, விமானத்தைத் திருப்பும் பிடியாக. இடது கைக்கு அம்மிக் குழவி. குழவியை முன்னே தள்ளினால் வேகம் கூடும், பின்னே இழுத்தால் குறையும். பெடியள் சிரிப்பார்கள் என்று யன்னலைச் சாத்தி வைத்திருந்தார்.

"உன்ர பிளேன் எப்ப இறங்கும்? எனக்குச் சம்பல் அரைக்க வேணும்" என்பார் புஷ்பவதி அம்மா.

"எஞ்சினை நிப்பாட்டினாப் பிறகு தாறன் அம்மா."

"எஞ்சினில தேங்காய்ப்பூ ஒட்டியிருக்கு. துடைச்சுப்போட்டுத் தா."

என்னுடைய வேலை வாசிப்பது. ஒரு சிறிய புத்தகத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்க வேண்டியவை வரிசையாக இருந்தன. ஆங்கிலம். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தந்த இடத்தைத் தொட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று சொல்வார். என் உச்சரிப்பு பிழை. அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. பிழையாக வாசித்தால், தான் கேட்ட சொல்லைச் சரியாகத் திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான். நானும் அடுத்தமுறை சரியாக வாசிப்பேன்.

ஜெட்டில் திரும்பும்போது உடம்பு ஐந்து மடங்கு பாரமாகும் என்று சொன்னார். கை ஒரு அரிசி மூட்டை போல் ஆகும். இரத்தம் தலையை விட்டுக் காலுக்கு இறங்கும். முதலில் நிறங்கள் போகும். பிறகு கண்ணின் ஓரத்தில் இருந்து கறுத்துக்கொண்டு வரும். அதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று எண்ணும் நேரத்துக்கு ஒருமுறை சட்டென்று மாற்ற வேண்டும். அதைக் கதிரையில் இருந்தபடி பழகுவார். முகம் சிவக்கும்.

"பிள்ளை பெறுறவள் மாதிரி முக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?" என்று ஒருநாள் புஷ்பவதி அம்மா வாசலில் நின்று சொன்னார்.

"பிளேன் பிறந்தது எண்டு சொல்லுங்கோ" என்றார் அக்கா, மூச்சை விட்டுவிட்டு.

வேகத்தைப் பற்றியும் சொன்னார். எங்கள் பஸ் நிலையத்தில் இருந்து நிலாவெளிக்குப் பஸ்ஸில் அரை மணித்தியாலம். ஜெட்டில் ஒன்றரை நிமிடம். ஒரு விஷயத்தை யோசித்து முடிக்கும்போது அந்த இடம் பின்னால் போய்விடும். சின்ன விமானத்தில் நடந்த பிறகு யோசிக்கலாம். ஜெட்டில் நடப்பதற்கு முன்னே யோசித்து வைத்திருக்க வேண்டும். முதல் பத்துப் பறப்பிலும், "விமானம் இங்கே, நீ பின்னால் எங்கேயோ" என்று பின் ஆசனத்தில் இருந்த பயிற்றுநர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பதினோராம் பறப்பில் அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். இறங்கிய பிறகு, ஏன் சேர் பேசவில்லை என்று அக்கா கேட்டிருக்கிறார். "பேச இடம் இருக்கவில்லை" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரித்தார். அவர் தன்னைப் பற்றி நல்லதாகச் சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இனி நான் சொல்லப் போவது உங்களில் பலருக்குத் தெரியாது. ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை. அதனால் சொல்கிறேன்.

ஜெட்டில் மூன்றாம் முறை தனியே பறந்த நாள். பின் ஆசனத்தில் ஆள் இல்லை. இறங்க வருகிறார். பக்கக் காற்று அடிக்கிறது. முழுக் கவனமும் காற்றிலே. அந்த நேரம் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், விமானத்தின் சக்கரச் சில்லு மூன்றும் இறங்கிப் பூட்டுப்பட்டதா என்று. பலகையில் மூன்று சின்ன விளக்குகள் இருக்கின்றன. மூன்றும் பச்சையாக எரிந்தால்தான் மூன்று சில்லும் சரி. விளக்குகளைப் பார்த்துவிட்டு, மூன்றும் பச்சை என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் ஒழுங்கு.

அக்காவின் வாயில் வந்தது, வீட்டில் ஆம் என்பதற்குச் சொல்கிற ஒரே சொல்.

ஓம்.

குசினியில் இருந்து அவர் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வாயில வந்திட்டுது நிவே. அம்மா கூப்பிட்டா நான் ஓம் எண்டுறேல்லையே, அப்பிடி. பார்க்காமல் சொன்னனான்."

"பிறகு?"

"கோபுரத்தில இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. ரேடியோ இரையுது எண்டு நினைச்சிட்டார். 'திருப்பிச் சொல்லு' எண்டார். அப்பதான் பார்த்தனான். ரெண்டு பச்சைதான்."

"மூண்டாவது?"

"எரியேல்ல."

விமானத்தை இறக்காமல் மேலே எடுத்தார். சுற்றி வந்தார். சில்லை உள்ளே இழுத்து மறுபடி இறக்கினார். மூன்றும் பச்சை. இறங்கினார். விளக்கை ஆட்கள் வந்து சோதித்தார்கள். கோபுரத்தில் இருந்தவர், நல்ல வேளை சுற்றி வந்தாய் என்று பாராட்டினார். அங்கேயே எல்லாம் முடிந்தது. அவர் ஓம் என்று சொன்னது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அக்கா ஒருவருக்கு மட்டும் தெரியும்.

அவர் என்ன செய்தார்? தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேரே பயிற்றுநரிடம் போனார். "சேர், நான் விளக்கைப் பார்க்காமல் பதில் சொன்னேன்" என்று சொன்னார். தன் கையாலே அறிக்கை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியால் தனிப் பறப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த தொகுதியோடு சேர்ந்து மறுபடி பழக வேண்டும் என்று முடிவானது. ஒழுங்கு அப்படித்தான். அதில் அவருக்கு முறைப்பாடு இருக்கவில்லை. அவரோடு தொடங்கியவர்களுக்குச் செட்டை குத்திய நாளில் அவர் பார்வையாளர் பக்கத்தில் நின்று கைதட்டினார்.

நான் கேட்டேன்: "நீங்கள் சொல்லாட்டி ஆருக்கும் தெரியாதே அக்கா?"

"தெரியாது."

"பிறகேன் சொன்னனீங்கள்?"

"அடுத்தமுறை ஓம் எண்டா என்னெண்டு விளங்கிற ஆள் கோபுரத்தில இருப்பார். சரி, இறங்கு எண்டுவார்."

இதைவிட நன்றாக நான் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் ஓம் என்பது பதில் இல்லை. கதையை முடிக்கிற சத்தம். விளங்கினாலும் ஓம். விளங்காவிட்டாலும் ஓம். வருவீர்களா என்றால் ஓம், வரமாட்டோம். படித்தாயா என்றால் ஓம், படிக்கவில்லை. எங்கள் கடையில் றஹ்மான் நானா முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்தது அது: "ஆக்கள் என்ன கேட்டாலும் முதல்ல ஓம் எண்டு சொல்லு பிள்ளை. பிறகு பார்ப்பம்." முதலில் ஓம். பிறகு பார்ப்பது. அக்கா அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஓம் சொல்வதை நிறுத்திவிட்டார். என்ன சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்வார்.

"வரேக்க ரெண்டு தேங்காயும் கால் கிலோ சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு வா."

"ரெண்டு தேங்காய். கால் கிலோ சின்ன வெங்காயம்."

"ஓம் எண்டு சொல்லன்டி. வாய் தேஞ்சு போகுமே?"

"வாய் தேயாது அம்மா. சில்லுத்தான் தேயும்."

"இவளோட கதைக்கிறதும் சரி, பாறைக்குப் பக்கத்தில நிண்டு கத்திறதும் சரி. எல்லாம் திரும்பி வருது" என்று புஷ்பவதி அம்மா என்னிடம் முறையிட்டார். அம்மா, நீங்கள் அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் பார்த்தேன்.

அடுத்த தொகுதி தொடங்கும் திகதியை அறிவித்தார்கள். வருகிற மாதம் பதினான்கு. அக்கா அதைக் குசினிச் சுவரில், பலகைப் படத்தின் மூலையில், பென்சிலால் எழுதினார்.

போன மாதம் இருபத்தோராம் திகதி, மாலை நாலு மணிக்கு, தம்பலகாமத்தில் பெரியப்பா வீட்டில் இருந்து புது அரிசி எடுத்து வர மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டார். நானும் அங்கே நின்றேன். "பாத்துப் போ" என்றார் புஷ்பவதி அம்மா. "பாத்துப் போறன்" என்றார் அக்கா. அது அவர் திருப்பிச் சொன்ன கடைசிச் சொல். கண்டி வீதியில் மாட்டுப் பட்டி ஒன்று குறுக்கே வந்தது. முன்னால் போன லொறி நிறுத்தியது. அக்கா விலத்தினார். வீதி ஓரத்தில் இருந்த மணலில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, அவர் இறந்தார். பொலிஸ் விசாரித்து, ஒருவரிலும் பிழை இல்லை என்று எழுதியது. அவர் பார்த்துத்தான் போனார். பார்த்துப் போகிறவர்களுக்கும் இது நடக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் விமானத்தில் இறக்கவில்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் நேற்று முதல் அப்படி ஒரு கதை ஓடுகிறது. அதற்கு நானும் ஒரு காரணம். எப்படி என்று கேளுங்கள்.

இறந்த நாலாம் நாள் தம்பிராசா ஐயாவும் புஷ்பவதி அம்மாவும் கடைக்கு வந்தார்கள். ஐயா படத்தை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இந்த இடத்தில ஒரு செட்டை வைக்கலாம்தானே? உங்கட கொம்பியூட்டரில எல்லாம் ஏலும்தானே?"

நான் சொன்னேன்: ஓம்.

"பேருக்கு முன்னால போர் விமானி எண்டு போடு. பயிலுநர் எண்டா ஆர் மதிப்பான்? மேல, வானில் கலந்த எண்டும் ஒரு சொல்லுப் போடு."

நான் சொன்னேன்: ஓம்.

புஷ்பவதி அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவள் ஆசைப்பட்டதுதானே மகள். படத்தில எண்டாலும் இருக்கட்டும்" என்றார்.

நான் சொன்னேன்: ஓம் அம்மா.

மூன்று முறை. ஒருமுறையும் பார்க்கவில்லை. நூலைக் கண்டேன். கண்டதற்கும் பார்த்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. அது என்ன நூல், யார் தைத்தது என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கடையில் நான். தெரிந்துகொண்டே அதன் மேல் ஒரு செட்டையை வைத்தேன். இணையத்தில் எடுத்த செட்டை. எந்த நாட்டு விமானப்படையுடையது என்றும் எனக்குத் தெரியாது. அடித்து, ஓரம் மடித்து, வளையம் போட்டு, நானே கொண்டு வந்து நேற்றுக் காலை இங்கே கட்டினேன். கட்டிவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தம்பிராசா ஐயாவில் எனக்குக் குறை இல்லை. அவர் அன்போடு கேட்டார். இந்த மண்டபத்தைக் கேட்டு எடுத்ததும், கதிரை போட்டதும், ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னதும் அவர்தான். ஊருக்குப் பெரிய சொல் ஒன்று வேண்டும் என்று நினைத்தார். ஆனால் ஐயா, அக்கா எந்தப் போரிலும் பறக்கவில்லை. வராமல் வீட்டில் இருக்கிறவர்கள் இந்தப் பதாகையை வீதியில் நின்று, மண்டப வாசல் வழியே வாசித்தால் அவரைப் பற்றி எதை நினைப்பார்கள்? வந்திருக்கிற உங்களுக்கு மட்டும் அவர் போர் விமானி என்றால், அவரோடு தொடங்கிச் செட்டை வாங்கியவர்களுக்கு அவர் யார்? பார்த்துவிட்டுச் சொல்வதற்காகத் தன் செட்டையையே விட்டுக்கொடுத்த ஒருவருக்கு, பார்க்காமல் சொன்ன ஓமாலே நான் செட்டை குத்தினேன். அவர் இருந்திருந்தால் அளவுகோலோடு வந்திருப்பார்.

பயிலுநர் என்றால் யார் மதிப்பார் என்று கேட்டீர்கள். நான் மதிப்பேன். பயிலுநர் என்றால் பழகிக்கொண்டு இருப்பவர். தன் பிழையைத் தானே போய்ச் சொன்ன நாளில் அவர் பயிலுநர். குசினியில் அம்மிக் குழவியோடு இருந்த நாளில் பயிலுநர். சுவரில் திகதி எழுதிய நாளிலும் பயிலுநர். அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை.

இன்று காலை ஆறரை மணிக்கு நான் அம்மாவிடம் போனேன். அவரைக் கேட்காமல் பதாகையைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. குசினியில் இருந்தார். பலகைப் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. பென்சில் திகதியும் இருக்கிறது. குழவி மட்டும் அம்மிக்கு வந்துவிட்டது.

"அம்மா, அந்தப் படத்தில நீங்கள் தைச்ச நூல் இருந்தது. அதுக்கு மேலதான் நான் செட்டையை வச்சனான். நூல் மறைஞ்சு போச்சு" என்றேன்.

அவர் கையைக் கழுவினார். சேலையில் துடைத்தார். திரும்பவும் கழுவினார். பதில் வர ஒன்பது நாள் ஆகுமோ என்று நினைத்தேன்.

"செட்டையை எடுத்துப்போட்டு, நூல் தெரியிற மாதிரி ஒட்டட்டோ?" என்று கேட்டேன்.

எங்கள் ஊரில் இதற்கு என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஓம் என்றாவது வரும், வேண்டாம் என்றாவது வரும். புஷ்பவதி அம்மா என்னை நேரே பார்த்துச் சொன்னார்:

"செட்டையை எடுக்கிறாய். நூல் தெரியிற மாதிரி ஒட்டுறாய்."

திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அங்கிருந்து கடைக்குப் போனேன். பதாகையில் ஒரு எழுத்துப் பிழைத்தால் முழுவதையும் மறுபடி அடிப்பதில்லை. பிழைத்த இடத்தின் அளவுக்கு ஒரு துண்டு அடித்து மேலே ஒட்டுவோம். எங்கள் தொழிலில் அப்படித்தான். இரண்டு துண்டு அடித்தேன். ஒன்றில் சட்டைப் பையும் நூலும் இருக்கின்றன, படத்தில் இருந்தபடி. மற்றதில் பயிலுநர் விமானி என்று இருக்கிறது. அது மேலே இருக்கிற வானில் கலந்த என்பதையும் சேர்த்து மூடும். றஹ்மான் நானா வந்து பார்த்தார். ஏன் என்று கேட்டார், சொன்னேன். துண்டின் ஓரத்தை விரலால் தடவினார். "ஓரத்தை நல்லா அமத்து பிள்ளை, உள்ளுக்குக் காத்துப் போனா எழும்பும்" என்றார். ஓரத்தை நன்றாக அமத்துகிறேன் நானா என்று சொன்னேன். கிட்ட வந்து பார்த்தால் துண்டின் ஓரம் தெரியும். தெரியட்டும். பிழை விட்டது நான்.

இப்படிப்பட்ட கூட்டங்களின் முடிவில், அவர் விட்ட பணியைத் தொடருவோம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் என்ன சொல்ல? நான் விமானம் ஓட்டப் போவதில்லை. உயரமான இடத்தில் நின்றாலே எனக்குத் தலை சுற்றும். ஆனால் ஒன்றை உங்கள் முன்னால் சொல்லலாம். இனி யார் என்னிடம் எதைக் கேட்டாலும் முதலில் பார்ப்பேன். பார்த்ததைச் சொல்வேன். விளங்காவிட்டால், திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்பேன். கீர்த்தனி அக்கா செய்தது அதுதான். செய்து முடிக்காமல் விட்டதும் அதுதான். உங்களில் யாருக்காவது அது பெரிய பணியாகத் தெரியவில்லை என்றால், நாளைக் காலை முதல் ஒருநாள் முழுவதும் பார்க்காமல் ஓம் சொல்லாமல் இருந்து பாருங்கள்.

ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

தம்பிராசா ஐயா, இரண்டு துண்டும் இந்தப் பையில் இருக்கின்றன. பதாகை எனக்கு எட்டாது. உங்கள் கதிரையை ஒருக்காத் தாருங்கள். ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் போதும்.

நன்றி ஐயா.

ஏறுகிறேன். முதலில் நூலை ஒட்டுகிறேன்.